களி உருண்டையை எடை போடவும் ஒரு படிப்பு இருக்குங்க

ரிசல்ட் வந்த மாசம்ங்கறதால இந்த தடவை வந்த கேள்வில முக்காவாசி படிப்பு பத்திதான். உடம்பு எளைக்கறது, முடி கொட்டறது எல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோவிச்சுக்காதீங்க. நான் தர்மபுரிக்காரி, தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு இந்த ரெண்டு ஜில்லாவுலயும் மாத்தி மாத்தி பதினாலு வருஷமா ஆஸ்பத்திரில டயட்டீஷியனா இருக்கேன், அதனால நம்ம ஊர்ப் பக்கத்துக்கு ஒத்து வர்ற மாதிரி சொல்றேன்.

மேடம், ப்ளஸ் டூ பயாலஜி குரூப் முடிச்சிருக்கேன். நீட்ல மார்க் வரல. எங்க சித்தி டயட்டீஷியன் படின்னு சொல்றாங்க. எத்தன வருஷம், எங்க படிக்கறது, இதுக்கும் நீட் வேணுமா? வீட்ல ரொம்ப தூரம் அனுப்ப மாட்டாங்க.
— மாணவி, பாலக்கோடு

கண்ணு, நீட்ல வரலைங்கற ஒரே காரணத்துக்காக இதுக்கு வராதன்னுதான் மொதல்ல சொல்ல நெனச்சேன். அப்புறம் யோசிச்சா நானே அப்படி வந்தவதான், ரெண்டாவது வருஷம் பயோகெமிஸ்ட்ரி நடத்தறப்ப தான் எனக்கு பிடிச்சுப் போச்சு, அதனால அதை வாபஸ் வாங்கிக்கறேன்.

கலை அறிவியல் காலேஜ்ல பி.எஸ்சி. சேர நீட் கேக்கறதில்ல, ப்ளஸ் டூ மார்க் தான். பேரு மட்டும் ஒவ்வொரு காலேஜ்லயும் ஒவ்வொண்ணா இருக்கும். நியூட்ரிஷன் அண்ட் டயட்டடிக்ஸ்ம்பாங்க, கிளினிக்கல் நியூட்ரிஷன்பாங்க, ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன்பாங்க, சில பழைய காலேஜ்ல ஹோம் சயின்ஸ்னே இருக்கும், பயந்துக்காத, எல்லாம் ஒரே குடும்பம் தான். ஆனா ஃபுட் டெக்னாலஜி வேற, அது ஃபேக்டரி பக்கம் போற படிப்பு (நம்ம கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரி இருக்கே, அங்க போறவங்க படிக்கறது). கேட்டரிங் சுத்தமா வேற. வருஷா வருஷம் ரெண்டு பேராவது பேரு மாத்தி சேந்துட்டு என்கிட்ட வந்து அழறாங்க, அதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

பி.எஸ்சி. பொதுவா மூணு வருஷம். அதோட நிறுத்திட்டா பெரிய ஆஸ்பத்திரில டயட்டீஷியன் சீட்ல உக்கார வைக்கறது கஷ்டம், எம்.எஸ்சி. ரெண்டு வருஷம் பண்ணிடு. அதுக்கு மேல ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப், அப்புறம் இந்தியன் டயட்டடிக் அசோசியேஷன்னு 1963-ல ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க நடத்தற பரீட்சை எழுதினா பேருக்குப் பின்னாடி ஆர்.டி.ன்னு போட்டுக்கலாம், ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன். கார்ப்பரேட் ஆஸ்பத்திரில இன்டர்வியூல மொத கேள்வியே ஆர்.டி. இருக்கான்னு தான். இன்னொண்ணு, 2021-ல மருத்துவம் சார்ந்த தொழில்களுக்குன்னு தனியா ஒரு மத்திய சட்டம் வந்துச்சு, டயட்டீஷியனும் அந்த பட்டியல்ல இருக்காங்க. அதுக்கு ஏத்த மாதிரி பாடத்திட்டம், பதிவு எல்லாம் மாறிட்டு இருக்கற நேரம் இது, அதனால அப்ளிகேஷன் போடறப்பவே "இந்தப் படிப்பு அந்த சட்டத்துப்படி பதிவு பண்ண செல்லுமா"ன்னு ஆபீஸ்ல நேரா கேட்டுடு, கூச்சப்படாத.

எங்கன்னு கேட்டா, கோயம்புத்தூர்ல அவினாசிலிங்கம், இந்த துறைல நம்ம மாநிலத்துல ரொம்ப பழைய பேரு. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் காலேஜ்லயும் இருக்கு. சென்னைல எத்திராஜ், டபிள்யூ.சி.சி.ங்கற விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ், குயின் மேரிஸ் மாதிரி. நம்ம பக்கத்துக்கு கிட்டன்னா சேலம் பெரியார் யூனிவர்சிட்டில எம்.எஸ்சி. இருக்கு, பி.எஸ்சி.க்கு சேலம் சுத்தியே காலேஜ் கிடைக்கும். நீ பாலக்கோடு, பெங்களூரும் ஒண்ணும் அமெரிக்கா இல்ல. கவர்மெண்ட் காலேஜ் லிஸ்ட் முழுக்க அந்த டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. ஆன்லைன் அப்ளிகேஷன்லயே வரும், எந்தெந்த காலேஜ்ல இந்த கோர்ஸ் இருக்குன்னு அதுலயே பாத்து வரிசையா டிக் பண்ணு. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆச்சு. வீட்ல தூரத்துக்கு அனுப்ப மாட்டேங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல, எங்கப்பாவ சம்மதிக்க வெக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு, சாப்பிடாம எல்லாம் இருந்தேன், டயட்டீஷியன் ஆகப் போறவ பட்டினி கிடந்தா எப்படின்னு எங்கண்ணன் கிண்டல் பண்ணான்.

ஐயா/அம்மா, என் பொண்ணு சமையல் படிப்பு படிக்கப் போறேங்கறா. எங்கம்மா பள்ளிக்கூடம் வாசலே மிதிக்காதவங்க, அவங்க வெச்ச சாமைச் சோறும் கொள்ளு கடைசலும் சாப்பிட்டு தான் நாங்க அஞ்சு பேரும் வளந்தோம். இதுக்கு அஞ்சு வருஷம் படிக்கணுமா? நான் நர்சிங் போட்டுடலாம்னு இருக்கேன்.
— ஒரு அப்பா, பென்னாகரம்

அண்ணா, உங்கம்மா சமையலுக்கு முன்னாடி நான் ஒண்ணும் இல்லைங்க, அதை மொதல்ல ஒத்துக்கறேன். ஆனா உங்க பொண்ணு படிக்கப் போறது சமையல் இல்ல. சமையல் லேப் இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா அங்க தாளிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் கிராம் கணக்குல எடை போடணும், எடை போட்டதை சத்து அளவு போட்டிருக்கற டேபிள்ல பாத்து இதுல புரோட்டீன் எவ்ளோ, சோடியம் எவ்ளோன்னு எழுதணும், எழுதி முடிக்கறதுக்குள்ள சோறு ஆறிப் போயிடும். மத்ததெல்லாம் உடற்கூறு, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, அப்புறம் நோய்க்கு நோய் உணவு எப்படி மாறணும்ங்கற டயட் தெரபி.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆக்சிடென்ட்ல தலையில அடிபட்டு நெனவில்லாம ஐ.சி.யூ.ல படுத்திருக்கறவருக்கு மூக்கு வழியா வயித்துக்கு ட்யூப் போட்டிருப்பாங்க. அவருக்கு ஒரு நாளைக்கு 1500 கலோரி வேணும்னா, ஒரு மில்லிக்கு ஒரு கலோரி வர்ற மாதிரி கஞ்சி தயாரிச்சா, 250 மில்லி ஆறு தடவை. கணக்கு இவ்ளோதானேன்னு தோணும். ஆனா அவருக்கு சுகர் இருந்தா அந்த கஞ்சில என்ன குறைக்கணும், கிட்னி வேலை செய்யலைன்னா புரோட்டீனையும் தண்ணியையும் எங்க நிறுத்தணும், வயித்துப்போக்கு ஆரம்பிச்சா எதை மாத்தணும், பத்து நாள் பட்டினியா இருந்தவருக்கு ஒரேடியா ஊட்டினா ரத்தத்துல உப்புகள் தாறுமாறா இறங்கி உயிருக்கே ஆபத்து, அதனால எவ்ளோ மெதுவா ஆரம்பிக்கணும், இதெல்லாம் டயட்டீஷியன் தான் டாக்டரோட உக்காந்து முடிவு பண்றது. உங்கம்மா சமைச்சது நல்லா இருக்கற அஞ்சு பேருக்கு. இது ஒவ்வொரு பெட்டுக்கும் ஒவ்வொரு சமையல்.

அதுவும் நீங்க பென்னாகரம்ங்கறீங்க, உங்க ஊருக்கு இந்தப் படிப்போட சம்பந்தத்தை நான் சொல்லியே ஆகணும். பல்லுல மஞ்சக்காவி ஏறின பசங்கள நீங்க பாக்காம இருந்திருக்க மாட்டீங்க. விளக்காம விட்டதால வந்த கறை இல்லைங்க அது, நம்ம ரெண்டு ஜில்லா போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறது உலக சுகாதார அமைப்போட அளவு, அதுக்கு மேல இருக்கற தண்ணிய சின்ன வயசுல வருஷக்கணக்கா குடிச்சா பல்லு கறுக்கும், பெரியவங்களுக்கு மூட்டு, முதுகு எல்லாம் கட்டையாட்டம் ஆயிடும். அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்னு ஜப்பான் கடன் வாங்கி கட்டி 2013-ல திறந்தாங்க, அந்தத் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ், அதாவது இந்த ஃப்ளோரைடு பாதிப்பு, குறைக்கறதுன்னு சேத்து தான் வெச்சிருக்காங்க. சரி, தண்ணி வந்தாச்சு, இதுல டயட்டீஷியனுக்கு என்ன வேலைன்னா, கால்சியம் கம்மியா சாப்பிடற புள்ளைக்கு அதே தண்ணி ஜாஸ்தி கெடுதல் பண்ணும். ராகி, மோர், கீரை, நெல்லிக்கா, கொய்யா இதெல்லாம் தட்டுல இருக்கான்னு பாக்கணும், நாலு வேளையும் கடுங்காப்பிக்கு பதிலா கட்டன் டீ குடிக்கற வீட்ல டீயிலயே ஃப்ளோரைடு இருக்குன்னு எடுத்துச் சொல்லணும். உங்க பொண்ணு இதைப் படிச்சுட்டு உங்க ஊருக்கே வந்தா நல்லா இருக்கும்னு ஒரு பேராசை தான் எனக்கு.

இதை ஏதோ நேத்து வந்த ஃபேஷன் படிப்புன்னும் நெனைக்காதீங்க. இன்னிக்கு ஹைதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், நாங்கல்லாம் வேதமா வெச்சிருக்கற டேபிள் போடறவங்க, அது 1918-ல நம்ம குன்னூர்ல ஒரு சின்ன ரூம்ல பெரிபெரிங்கற சத்துக்குறைவு நோயை ஆராயறதுக்குன்னு மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஆரம்பிச்சது தான், 1958-ல தான் ஹைதராபாத் போச்சு. அவங்க 2017-ல போட்ட புக்ல 528 உணவுப் பொருளுக்கு சத்து அளந்து வெச்சிருக்காங்க.

நர்சிங் நல்ல படிப்பு, வேலை சீக்கிரம் கிடைக்கும், அதை நான் மறுக்கல. ஆனா ரத்தம் பாத்தா மயங்கற பொண்ண நர்சிங் போட்டுட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க, அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

பசங்க இந்தப் படிப்பு படிக்கலாமா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லேடீஸ் கோர்ஸ்ங்கறாங்க.
— தேன்கனிக்கோட்டை தம்பி

தாராளமா படி. பேர் பெத்த காலேஜ் நிறைய லேடீஸ் காலேஜா இருக்கறது தான் உனக்கு சிக்கல், அவினாசிலிங்கம், எத்திராஜ் எல்லாம் உனக்கு கிடையாது. பி.எஸ்.ஜி., பெரியார் யூனிவர்சிட்டி மாதிரி ரெண்டு பேரும் படிக்கற இடமா பாத்துக்கோ. ஸ்போர்ட்ஸ் நியூட்ரிஷன் பக்கம் பசங்களுக்கு நல்ல கிராக்கி. உன் ஃப்ரெண்ட்ஸ் ஜிம்முக்குப் போய் மாஸ்டர் சொன்னார்னு டப்பா டப்பாவா பவுடர் வாங்கறப்ப உன்கிட்ட தான் வந்து நிப்பாங்க.

எனக்கு 36 வயசு, ரெண்டு பசங்க. டிகிரி பி.ஏ. வீட்ல இருந்தே தபால்ல நியூட்ரிஷன் எம்.எஸ்சி. படிச்சு கிளினிக் வெக்கலாமா? ஆறு மாச ஆன்லைன் கோர்ஸ்ல சேந்தா சர்டிபிகேட் தர்றதா ஒரு விளம்பரம் பாத்தேன், 40,000 ரூபா கேக்கறாங்க.
— இல்லத்தரசி, ஊத்தங்கரை

அக்கா, அந்த 40,000-த்தை பேங்க்லயே வெச்சிருங்க. கொஞ்சம் கறாரா சொல்றேன், ஆறு மாச சர்டிபிகேட்ட வெச்சுக்கிட்டு உங்க வீட்டு ஆளுங்களுக்கு சத்தா சமைக்கலாம், தெரிஞ்சுக்கறதுல தப்பே இல்ல, ஆனா போர்டு போட்டு சுகர் பேஷண்ட்டுக்கும் கிட்னி பேஷண்ட்டுக்கும் சார்ட் எழுதக் கூடாது.

தபால்ல எம்.எஸ்சி. முன்னாடி இருந்துச்சு, நிறைய பேர் அப்படி படிச்சு நல்லா வந்தவங்களும் உண்டு. ஆனா 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து உணவு, ஊட்டச்சத்து, டயட்டடிக்ஸ் இதெல்லாம் தொலைதூரத்துலயும் ஆன்லைன்லயும் நடத்தக்கூடாதுன்னு யு.ஜி.சி. நிறுத்திடுச்சு, நான் சொன்னேனே அந்த 2021 சட்டம், அதோட பட்டியல்ல வர்ற படிப்பு எல்லாத்துக்கும் இது தான். இப்பவும் யாராவது சேத்துக்கறோம்னு சொன்னா சேராதீங்க, செல்லாத காகிதத்துக்கு காசு குடுக்கற கதை. அதுவும் உங்க டிகிரி பி.ஏ.ங்கறதால நேரா எம்.எஸ்சி. கிடைக்கறது கஷ்டம், சயின்ஸ் அடிப்படை கேப்பாங்க. உண்மையிலயே ஆசை இருந்தா பசங்களோட சேந்து மறுபடி பி.எஸ்சி. தான். எங்க பேட்ச்ல 38 வயசுல ஒரு அக்கா வந்து சேந்தாங்க, கிளாஸ்ல அவங்களுக்குத் தான் நெய் உருக்கறதுல இருந்து பால் புரை ஊத்தறது வரைக்கும் கை வந்த கலை, எங்களுக்கு எல்லாம் ஃபார்முலா தான் தெரியும், லேப்ல அவங்க பின்னாடியே சுத்துவோம்.

எம்.எஸ்சி. முடிச்சு ஓசூர்ல ஒரு இடத்துல வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆகுது மேடம். மாசம் இத்தன டப்பா புரோட்டீன் பவுடர் எழுதணும்னு டார்கெட் குடுக்கறாங்க. எழுதலைன்னா மூஞ்சிய காட்டறாங்க. விட்டுடலாமா?
— பெயர் வேண்டாம்

இந்தக் கேள்விய ரெண்டு நாள் பையிலயே வெச்சுட்டு சுத்தினேன். ஏன்னா எனக்கும் இது நடந்திருக்கு, ஊரும் இடமும் வேண்டாம், மொத வேலை, சம்பளம் எட்டாயிரம், அந்த எட்டாயிரத்துக்கு மேல டப்பாவுக்கு இவ்ளோன்னு கமிஷன். ரெண்டு மாசம் எழுதினேன்மா. எழுதினேன்னு சொல்றதுல என்ன வெக்கம், வீட்ல தம்பிக்கு ஃபீஸ் கட்டணும்.

மூணாவது மாசம் ஒரு பாட்டி, மொரப்பூர் பக்கத்துல இருந்து, ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க, நான் எழுதின டப்பாவ வாங்கறதுக்கு வளர்த்த ரெண்டு கோழிய வித்துட்டேன்னு சொன்னாங்க. அந்தக் கோழி போட்ட முட்டைய தினம் ரெண்டு அவங்க சாப்பிட்டிருந்தாலே பன்னெண்டு கிராம் புரோட்டீன் கிட்ட வந்திருக்கும், நான் முட்டை குடுக்கற கோழிய விக்க வெச்சு டப்பா வாங்க வெச்சிருக்கேன். அன்னிக்கு நைட்டு தூக்கம் வரல.

பவுடரே தப்புன்னு சொல்ல வரல, வாய் வழியா திங்க முடியாதவங்க, கேன்சர்ல எடை கடகடன்னு எறங்கறவங்க, தீக்காயம், இவங்களுக்கு சில சமயம் அது தான் வழி. 55 கிலோ இருக்கற சாதாரண பொம்பளைக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரோட்டீன் போதும்ங்கறது ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட கணக்கு, பருப்பு, மொச்சை, முட்டை, தயிர், வாரத்துல ஒரு நாள் கருவாடுன்னு கூட்டிப் பாத்து, பத்தலைன்னா மட்டும் பவுடருக்குப் போ. கூட்டின கணக்க ஃபைல்ல எழுதி வெய்யி. மேல இருக்கறவங்க கேட்டா அந்தப் பேப்பரைக் காட்டு, "இவங்களுக்குத் தேவை இல்ல, இதோ கணக்கு"ன்னு. பாதி இடத்துல அதுக்கு அப்புறம் விட்டுடுவாங்க. விடலைன்னா வேற எடம் தேடிட்டு அப்புறம் விடு, தேடாம விடாத. வீராப்புல வேலைய விட்டுட்டு நான் அஞ்சு மாசம் வீட்ல உக்காந்திருந்தேன், அதுவும் ஒண்ணும் பெருமை இல்ல.

நான் கொஞ்சம் குண்டு. டயட்டீஷியன் ஆனா "நீயே இப்படி இருக்க, எங்களுக்கு சொல்ல வந்துட்டியா"ன்னு சிரிக்க மாட்டாங்களா?
— அரூர்

சிரிப்பாங்க. என்னையும் சிரிச்சாங்க, எனக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து எண்பது கிலோ இருந்தப்ப ஒரு தாத்தா நேராவே கேட்டாரு. "தாத்தா, உங்க சுகர் டாக்டருக்கும் சுகர் இருக்கு, அவர்கிட்ட மட்டும் மாத்திரை வாங்கிக்கறீங்களே"ன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சுட்டு உக்காந்தாரு. பேஷண்ட் உன் உடம்ப ஒரு நிமிஷம் பாப்பாங்க, அப்புறம் அவங்க சொல்றத நீ காது குடுத்து கேக்கறியான்னு தான் பாப்பாங்க.

கேக்கறதுன்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு கதை இருக்கு, என் தப்பு தான், சொல்லிடறேன். டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர், சந்தூர் பக்கத்துல மாந்தோப்புக்கு காவல் இருக்கறவர். கிட்னி வேலை செய்யாதவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், ஏறினா இதயத் துடிப்பே நின்னு போகலாம், மாம்பழத்துல அது இருக்கு. சீசன் நேரம், தோப்புலயே படுத்திருக்கற மனுஷன்கிட்ட மாம்பழத்தைத் தொடாதீங்கன்னு நான் பத்து தடவை சொல்லி, சத்தியம் வாங்காத கொறையா அனுப்பி வெச்சேன். அடுத்த வாரம் பொட்டாசியம் ஆறைத் தாண்டிடுச்சு, 5 வரைக்கும் தான் இருக்கலாம். நான் அவரைப் பிடிச்சு ஏறு ஏறுன்னு ஏறினேன், பழம் தின்னுட்டு பொய் சொல்றீங்கன்னு. அவரு எதுவும் பேசல. அவங்க வீட்டம்மா தான் மெதுவா, "பழத்தைக் கண்ணால கூட பாக்கலம்மா, வெயில் தாங்கலைன்னு தெனம் ஒரு எளநி மட்டும் தான்"னாங்க. ஒரு இளநீர்ல 500 மில்லிகிராமுக்கு மேலயே பொட்டாசியம் இருக்கும். மாம்பழத்தை விட அது மோசம். நான் கேக்கவே இல்ல. காலைல எழுந்ததுல இருந்து என்ன குடிச்சீங்கன்னு கேட்டிருந்தா அவரே சொல்லியிருப்பாரு.

காலேஜ்ல இதுக்கு 24 மணி நேர ரீகால்னு பேரு, நேத்து எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும் வாய்ல போனது எல்லாத்தையும், தண்ணி உட்பட, எந்த தம்ளர், எந்தக் கரண்டின்னு கேட்டு எழுதறது. மார்க்குக்காக எழுதறப்ப போர் அடிக்கும். அன்னிக்கு அந்தப் பெரியவர்கிட்ட மன்னிப்பு கேட்டதுல இருந்து அதை நான் யாருக்கும் விடறதில்ல, அரை மணி நேரம் ஆனாலும் சரி. அதுக்கு பொறுமை இருக்கா உனக்கு? இருந்தா வா, எடைய பத்தி அப்புறம் பேசிக்கலாம்.

இந்தப் படிப்புக்கு கவர்மெண்ட் வேலை உண்டா?
— பர்கூர், கிருஷ்ணகிரி, கடத்தூர்னு ஏழு பேர் கேட்டிருக்கீங்க

உண்டு, ஆனா கொத்து கொத்தா இல்ல. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ்ல டயட்டீஷியன் போஸ்ட் இருக்கு. நமக்கு தர்மபுரில 2008-ல மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, கிருஷ்ணகிரில 2022-ல. ரொம்ப எளைச்சுப் போன குழந்தைங்கள சேத்து தேத்தற ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துலயும் வேலை இருக்கும், அங்க எஃப்-75ன்னு ஒரு பால், 100 மில்லிக்கு 75 கலோரி, அதை கொஞ்சம் கொஞ்சமா குடுத்துத்தான் ஆரம்பிக்கணும், புள்ளை பாவம் பசிக்குதேன்னு ஆத்தா டம்ளர் நிறைய ஊத்தினா ஆபத்து. அந்த ஆத்தாகிட்ட அதை எடுத்துச் சொல்றதும் நம்ம வேலை தான். இது இல்லாம அங்கன்வாடிய பாக்கற ஐ.சி.டி.எஸ். துறைல குழந்தை வளர்ச்சி திட்ட அலுவலர் போஸ்ட், டி.என்.பி.எஸ்.சி. மூலமா வரும், நியூட்ரிஷன், ஹோம் சயின்ஸ் டிகிரிக்கு அதுல இடம் உண்டு. நோட்டிபிகேஷன் எப்பவாவது தான் வரும், வந்தா விடாதீங்க.

தேவை இல்லாமலா இருக்கு? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்பு மாத்திரை வீடு வீடா குடுக்கறாங்க, வாங்கறவங்க அதை டீயோட போட்டுக்கறாங்க, டீ அந்த இரும்ப உறிய விடாது, ஒரு மணி நேரம் தள்ளி எலுமிச்சம் ஜூஸோட போட்டுக்கோங்கன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான், சுகர், பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருது, நல்ல திட்டம். மாத்திரைய குடுத்துட்டு அந்த வாசல்லயே தட்டுல என்ன இருக்குன்னு பாக்கறதுக்கு ஒன்றியத்துக்கு ஒரு டயட்டீஷியன் போட்டா எப்படி இருக்கும்னு நான் மீட்டிங் மீட்டிங்கா சொல்லிட்டு இருக்கேன், டீ குடுத்து அனுப்பிடறாங்க.

படிப்பு கேள்வி இல்லைங்க, மன்னிக்கணும். எங்க மாமனாருக்கு சுகர். ராகி நல்லதுன்னு மூணு வேளையும் களி தான். ஆனா சுகர் கொறையவே மாட்டேங்குது. நீங்கல்லாம் படிச்சதுல தப்பா, களில தப்பா?
— காவேரிப்பட்டணம்

மன்னிப்பெல்லாம் எதுக்கு, எல்லா கேள்விலயும் இது தான் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு.

ராகி நல்லது தான், 100 கிராம் மாவுல 364 மில்லிகிராம் கால்சியம், அரிசில பத்து கூட இருக்காது, நார்ச்சத்தும் அரிசிய விட பல மடங்கு. ஆனா சுகர் ஏத்தறது மாவுச்சத்து, அது 100 கிராம் ராகில 67 கிராம், அரிசில 78. பெருசா வித்தியாசம் இல்ல பாருங்க. நான் எங்க வீட்டு களி உருண்டைய ஒரு நாள் எடை போட்டேன், 350 கிராம் இருந்துச்சு, அதுக்கு மாவும் நொய்யுமா 110 கிராம் ஆச்சு. நொய்யின்னா அரிசி தானே, அதை யாரும் கணக்குல சேக்கறதே இல்ல! உங்க மாமனார் வேளைக்கு ரெண்டு உருண்டைன்னா சுகருக்கு அது பெரிய மூட்டை. காட்டு வேலைக்குப் போன காலத்துல செரிச்சுது, இப்ப திண்ணைல உக்காந்திருக்காரு.

களிய நிறுத்தாதீங்க, நிறுத்தச் சொன்னா அவரு என்னையே திட்டுவாரு. ஒரு வேளை, ஒரு சின்ன உருண்டை, நொய் இல்லாம, கூடவே கீரை கடைசலோ கொள்ளோ நெறைய, களிய விட தொட்டுக்கறது ஜாஸ்தியா இருக்கணும். கூழா கரைச்சு குடிக்கறத விட களியா சாப்பிடறது மேல், கூழ் சட்டுனு ஏறும். ஆனா சுகர் மாத்திரை, ஊசி எடுக்கறவர் திடீர்னு சாப்பாட்ட கொறைச்சா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வரும், அதனால டாக்டர்கிட்ட சொல்லிட்டு கொறைங்க. இன்னொண்ணு, கடைசியா கிட்னி டெஸ்ட், அந்த க்ரியாட்டினின், எப்ப எடுத்தீங்க? அதுல ஏதாவது கோளாறு இருந்தா கதையே மாறிடும், ராகில பொட்டாசியமும் பாஸ்பரசும் இருக்கு, சுகருக்கு அளவா சரின்னு சொன்ன அதே களிய அப்ப கொறைக்கச் சொல்லுவேன். ரிப்போர்ட்டோட ஒரு நாள் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டயட்டீஷியனப் பாருங்க, போறப்ப மறக்காம வீட்டு உருண்டைய மளிகைக்கடை தராசுலயாவது எடை போட்டு ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க.